ஆதாரம்: அம்மா

நாற்பத்தொன்று. வேறு எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்காதீர்கள். வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமைகளை மகளின் வரலாற்றுப் பாடத்துக்காகப் பழைய கட்டடங்களில் கழித்தார். குடும்பத்தோடு. பஸ்ஸில். மீதிப் பதினொரு ஞாயிறு எங்கே போனது என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தட்ட முடியாத ஓவர்டைம், ஒரு தடவை பஸ் ஸ்டிரைக். அந்த ஸ்டிரைக்கில் அவர் வீட்டுக்காரரும் இருந்தார். அதனால் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அவருக்குத் தரை பாலிஷ் போடும் வேலை. ஆஸ்பத்திரி, பாங்க், சினிமா தியேட்டர், புதிதாக எழும்பும் அடுக்குமாடி, எங்கே கல் தரை உண்டோ அங்கே. மெஷின் அவரைவிடப் பதினைந்து கிலோ கூட. அடியில் சுழலும் தட்டில் அரைகல் மாட்டியிருக்கும். முதலில் முரட்டுக் கல், அப்புறம் நடுத்தரம், கடைசியில் நைஸ் கல். தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும். கைப்பிடியை ஒரு விரல்கடை தூக்கினால் ஒரு பக்கம் இழுக்கும், அழுத்தினால் மறுபக்கம் இழுக்கும். நிறுத்த மட்டும் கூடாது. சுழலும் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் கல்லைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் குழி விழும். குழியை நிரப்ப முடியாது. சுற்றியிருக்கும் தரை முழுக்க அந்த ஆழத்துக்கு இறக்கினால்தான் உண்டு. பத்தொன்பது வருஷத்தில் அவர் மெஷின் ஒரு தரையையும் கடித்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைத் தரையக்கா என்பார்கள். கேலிக்கு வைத்த பெயர், மரியாதையில் போய் நின்றது.

தொழிற்சங்கக் கூட்டத்தில் முதன்முதலாக அவரைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தொண்டை கிழிய நான் பேசிக்கொண்டிருக்கிறேன், முதல் வரிசையில் ஒரு அம்மா தலையைக் குனிந்தபடியே இருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் நேராக வந்தார்.

"தோழர், நீங்க பேசும்போது இடது காலை மட்டும் தேய்ச்சுத் தேய்ச்சு நிக்கிறீங்க. அந்த இடத்துல சிமெண்டு பேந்துபோச்சு. முட்டியில வலி இருக்குதா?"

இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு என் பேச்சில் ஒரு வரிகூட அவருக்கு நினைவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் மன்னித்துவிட்டேன்.

வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. லிஃப்ட் உண்டு, ஓடாது. கதவுக்கு வெளியே அவருடைய ரப்பர் பூட்ஸ், வெள்ளைச் சேறு காய்ந்து பாளம் பாளமாக. உள்ளே ஒரு மேஜை. அதில்தான் சாப்பாடு, அதில்தான் வீட்டுப்பாடம், அதில்தான் டிரைவர் சட்டையை இஸ்திரி போடுவார். டிரைவர் என்றால் அவர் வீட்டுக்காரர். டவுன் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினொன்று. சின்னவளுக்கு ஐந்து. சின்னவளுக்கு வரலாறு என்றால் ஐஸ்கிரீம் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடம்.

இது ஆரம்பித்தது ஒரு பரீட்சைத் தாளில். ஆறாம் வகுப்பில் 'நம் ஊர் வரலாறு' என்று தனிப் பாடம். ஐம்பது மார்க். பெரியவள் ஒன்பது வாங்கி வந்தாள். வாங்கிய தாளை மேஜையில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். டிரைவர் பெட்டியைத் தூக்கினார்.

"ஒம்பதா? என் பஸ் நம்பர்கூட இதைவிடப் பெருசுடி."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மகளுடைய விடைத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

"ஏன் எழுதல?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா. இந்த வருஷம் இவர் கட்டினார், அந்த வருஷம் அவர் கட்டினார். எவர் எதைக் கட்டினார்னு கலந்துபோயிடுது."

"அவரா கட்டினாரு? கையில கரண்டி புடிச்சு, கலவை அள்ளிப் போட்டு?"

"பரீட்சையில அப்படி எழுதினா இந்த ஒம்பதும் போயிடும்மா."

"சரி. பார்க்காததை எப்படி ஞாபகம் வெச்சுக்குவே? ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்போம்."

டிரைவர் கையைத் தலையில் வைத்தார். "ஆறு நாள் பஸ் ஓட்டுறேன். ஏழாவது நாள் பஸ்ல உட்காரணுமா? என்ன பாவம் பண்ணினேன் நான்?"

"நீங்க வராட்டி பரவால்ல. டிக்கெட் மிச்சம்."

வந்தார். நாற்பத்தொரு தடவையும் வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிற சக டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். "கிளட்சை விடுய்யா. பாவம், அதுக்கும் வாய் இருந்தா அழும்."

ஊரில் பார்க்கும்படியான பழைய இடம் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடவை போனார்கள். கோட்டைச் சுவர் ஒரு துண்டு, பழைய கோர்ட்டு, தண்ணீர் இறைக்கும் நிலையம், ஜெயில், இரண்டு பாலம், ஆளுநர் மாளிகை, இப்படி. எல்லாக் குடும்பங்களும் போகிற இடங்கள்தான். மற்றவர்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் போட்டோ, பலகையில் எழுதியிருப்பதைப் பிள்ளை நோட்டில் காப்பி, வெளியே ஐஸ்கிரீம், வீடு. இருபது நிமிஷம்.

இவர் ஒரு சட்டம் போட்டார். பலகையைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். முதலில் கட்டடத்துக்குள் போ. கீழே பார். அப்புறம் சுவரைப் பார். ஆளுக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்துச் சொல். அதற்குப் பிறகு பலகை.

பழைய கோர்ட்டில் வாசல்படி. அகலமான படி, எட்டுப் பேர் வரிசையாக ஏறலாம். ஒரு ஓரம் மட்டும் கிண்ணம் மாதிரி தேய்ந்திருந்தது.

"ஏன் அந்த ஓரம் மட்டும்?" என்று அம்மா கேட்டார்.

பெரியவள் ஏறினாள், இறங்கினாள். "கைப்பிடி அந்தப் பக்கம்தான் இருக்கு."

"கோர்ட்டுக்கு வர்றவன் எதுக்குக் கைப்பிடியைப் புடிக்கணும்? மூணு படிதானே?"

"பயம்" என்றாள் சின்னவள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

டிரைவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்தப் படி கட்டப்பட்ட வருஷம் பெரியவளுக்கு அதற்கப்புறம் மறக்கவே இல்லை. அடுத்த பரீட்சையில் முப்பத்தொன்று. ஏதோ மந்திரம் மாயம் என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கேள்வி கேட்டு, பதில் வரும் வரைக்கும் பொறுமையாகப் பக்கத்தில் நிற்பதற்கு மந்திரம் தேவையில்லை. நேரம் வேண்டும். உழைக்கிறவர்களிடம் இல்லாத பொருள் அதுதான். இவர் அதைத் தன் தூக்கத்திலிருந்து எடுத்தார்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு கண்காட்சி அறிவித்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஊரில் ஒரு இடத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும். நல்லதாகத் தேறும் பத்து, ஆளுநர் மாளிகையிலேயே ஒரு மாதம் மாட்டி வைக்கப்படும். பெரியவள் ஆளுநர் மாளிகையையே எடுத்துக்கொண்டாள்.

அங்கே, அதுவரை அவர்கள் ஏறிப் பார்க்காத முதல் மாடியில், நீளமான ஒரு கூடம். கிழக்குச் சுவர் முழுக்க ஜன்னல். மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல் தரை, மிருதுவான கல். வாசலில் பலகை: விருந்து மண்டபம், ஆளுநரும் விருந்தினரும் நடனமாடிய இடம். பாடப் புத்தகத்திலும் அதே வரி.

சட்டப்படி பலகையைப் படிக்காமல் உள்ளே போனார்கள். அம்மா கூடத்தின் நடுவில் நின்றார், செருப்பைக் கழற்றினார், பாதத்தால் தரையைத் தடவினார். பிறகு ஜன்னல் ஓரமாகப் போனார். அங்கே கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் நடந்தார். பெரியவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கினார். திறந்து, சுவரோரமாகக் கோடு இழுத்த மாதிரி ஊற்றிக்கொண்டே போனார்.

தரை மட்டம் பார்க்க அவர்கள் தொழிலில் செய்வது இதுதான். கண் ஏமாறும். தண்ணீர் பள்ளம் இருக்கிற இடத்தில்தான் நிற்கும். நின்றது. ஜன்னலுக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் குட்டைகள்.

காவலாளி ஓடி வந்தார். "ஏம்மா! இது என்ன உங்க வீட்டு பாத்ரூமா?"

"ஊத்தினது நான், துடைக்கப் போறதும் நான். உங்களுக்கு என்ன கஷ்டம்?" பையிலிருந்து துணி எடுத்தார். எங்கே போனாலும் அவர் பையில் துணி இருக்கும்.

"விடுங்க சார்" என்றார் டிரைவர். "லீவு நாள்ல இலவசமா துடைக்கிறா. அப்படியே மத்த ரூமையும் காட்டிடுங்க."

பெரியவள் குட்டைகளை எண்ணினாள். பதின்மூன்று.

"இப்ப சொல்லு. இங்க என்ன நடந்திருக்கும்?"

"நடுவுல ஒண்ணுமே தேயல. ஓரத்துலதான்." பெரியவள் வாசலுக்கு ஓடிப்போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தாள். "அம்மா, புத்தகத்துல வர்ற டான்ஸ் ஆடின இடம் இதுதானாம்!"

"ஆடினவங்க செவுத்தை ஒட்டி வரிசையா நின்னா ஆடுவாங்க? ஆடியிருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லல. எப்பவோ ரெண்டு நாள் ஆடியிருப்பாங்க. ஆனா இது ஆடின தரை இல்லடி. நின்ன தரை. வெளிச்சத்தைப் பார்த்து, ஒரே இடத்துல, பல வருஷமா நின்னு வேலை பார்த்திருக்காங்க. பதிமூணு பேர்."

பெரியவள் நான்கு பக்கத்தையும் இதை வைத்தே எழுதினாள். படம் போட்டாள். குழிகளுக்கு நம்பர் போட்டாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆதாரம்' என்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாய் என்று அதில் எழுத வேண்டும். அவள் எழுதினாள்: அம்மா, தரை பாலிஷ் தொழிலாளி, பத்தொன்பது வருஷ அனுபவம்.

சமூக அறிவியல் டீச்சர் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு எழுதினார். 'இது ஆதாரம் ஆகாது.'

டீச்சரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நாற்பத்தாறு பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறவர், ஒரு பிள்ளை சொன்னது சரியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மாளிகையின் பொறுப்பிலிருக்கும் காப்பாளருக்குத் தானே கடிதம் எழுதினார். பதில் ஒரே வாரத்தில் வந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டார்கள். கைப்பழக்கம் இல்லாத ஆட்கள், சுவரோரம் மெஷினைத் திருப்பும்போது நிறுத்தி நிறுத்தித் தரையைக் கெடுத்துவிட்டார்கள். குழிகள் எல்லாம் மெஷின் கடித்தவை. மாணவியின் தாயார் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

டீச்சர் கடிதத்தைப் பெரியவளிடம் கொடுத்தார். "பலகையில இருக்கிறதை வெச்சு மாத்தி எழுதிடும்மா. இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள கொடுத்தா கண்காட்சிக்குச் சேர்த்துக்கறேன். இல்லாட்டி இதை எடுத்துக்க முடியாது."

சாயந்திரம் மேஜையில் கடிதம் கிடந்தது. டிரைவர் இரண்டு தடவை படித்தார்.

"யாரு இந்த ஆளு? நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு எழுதிட்டான். மெஷினைத் தொட்டிருப்பானா இவன்?"

அம்மா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றார். வீட்டுக்குள் அவர் பூட்ஸோடு நின்று பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

"அம்மா" என்றாள் பெரியவள். "மெஷின் அப்படிக் குழி போடுமா?"

"போடும்."

"செவுத்தோரமாத்தான் போடுமா?"

"கை தெரியாதவன் அங்கதான் நிறுத்துவான்."

"அப்ப அவர் சொல்றதுதான் சரியா?"

டிரைவர் நடுவில் வந்தார். "ஏய், அம்மாவைக் கோர்ட்டுல நிக்க வெச்ச மாதிரி கேக்காதே."

"கேக்கட்டும்" என்றார் அம்மா. "நான்தானே கேக்கச் சொல்லிக் குடுத்தேன்."

பெரியவள் பென்சில் டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார். குழந்தை முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது, அதைப் பார்க்க முடியவில்லை என்றார். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பெண் அம்மாவின் கண்ணை நம்பிப் படித்தவள். அந்தக் கண்ணுக்கு அதன் தொழிலே தெரியவில்லை என்று மாளிகை முத்திரையோடு காகிதம் வந்திருக்கிறது.

"அழிக்காதே" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அழிக்காதே. நான் ஒருக்கா பார்க்கணும். அவர் சொல்றது சரியா இருந்தா, நானே ரப்பர் எடுத்துத் தர்றேன்."

ஞாயிறு காலை காப்பாளரும் வந்திருந்தார். பெரியவள் சொல்ல, டீச்சர் அவருக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். கண்ணாடி போட்ட, மெலிந்த, சட்டைப் பையில் மூன்று பேனா வைத்த மனிதர். தொழிலாளிக் குடும்பம் சண்டைக்கு வருகிறது என்று நினைத்தாரோ என்னவோ, காவலாளியையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். தரையக்கா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்தார். கையில் நீளமான அலுமினிய மட்டப்பலகை, டார்ச், தண்ணீர், சாக்பீஸ்.

முதல் குழி. தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி எடுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் மயிரிழைக் கீறலும் நிழல் போடும். குழி வட்டமாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய வளையம். உள்ளே கீறல்கள் எல்லாம் வட்டம் வட்டமாக.

விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது மெஷின்தான். ஐயா சொன்னது சரி."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா சாக்பீஸால் அந்தக் குழியின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுத்ததற்கு நகர்ந்தார்.

இரண்டாவது குழியில் டார்ச்சை வைத்தவர், துணியை எடுத்து மறுபடி ஒற்றினார். மறுபடி பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் கீழ உட்கார முடியுமா?"

காப்பாளர் காவலாளியைப் பார்த்தார். பிறகு பேண்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு மண்டி போட்டார்.

"அதைத் தொட்டுப் பாருங்க. இப்ப இதைத் தொட்டுப் பாருங்க."

"இது... ரெண்டா இருக்கு."

"ரெண்டு பாதம். பக்கத்துல பக்கத்துல. குதிகால் பக்கம் ஆழம் கூட. ஓரம் எங்க ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியாது. மெஷினுக்கு ரெண்டு கால் கிடையாதுங்க."

"ஆனா மெஷின் இந்தத் தரை முழுக்க ஓடியிருக்கே?"

"ஓடியிருக்கு. அதான் விஷயம். மெஷின் தட்டு பெருசு, தட்டை. மேட்டைத்தான் சீவும். ஏற்கெனவே பள்ளமா இருக்கிற இடத்துக்குள்ள இறங்காது. அடியைப் பாருங்க. சுத்தி இருக்கிற கல்லு வெளுப்பு. பள்ளத்துக்கு உள்ள மட்டும் பழுப்பு. அது பழைய தோல். மெஷின் வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பள்ளம் இங்க இருந்திருக்கு. மெஷின் கடிச்ச குழியில அடிவரைக்கும் புதுக் கல்லு தெரியும்."

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பழுப்பைப் பார்த்தார். திரும்பி முதல் குழியைப் பார்த்தார். வெளுப்பு.

"பன்னிரண்டு வருஷமா தினமும் இந்தக் கூடத்துல நடக்கறேன்" என்றார்.

"மேல பார்த்து நடந்திருப்பீங்க. மேலயும் நல்லாத்தான் இருக்கு."

ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. சிலவற்றுக்குப் பெருக்கல் குறி, சிலவற்றுக்கு வட்டம். பெருக்கல் விழுந்தவை கண்ட கண்ட இடைவெளியில் கிடந்தன. வட்டம் போட்டவை ஒன்றுக்கொன்று அளந்து வைத்த மாதிரி, சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரு மேஜை போடும் தூரத்தில்.

முடித்ததும் பெரியவள் கேட்டாள். எல்லோர் முன்னாலும்தான் கேட்டாள்.

"முதல்ல பார்த்தப்பவே உனக்கு ஏம்மா தெரியல? உன் மெஷின்தானே?"

தரையக்கா மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மெஷின் ஓடின தரைன்னு முதல் நாளே தெரியும். ஆனா எங்க ஆளு ஒருத்தன் இப்படித் தரையைக் கடிக்க விட்டிருப்பான்னு மனசு ஒத்துக்கல. நம்ம தொழில்காரன் பண்ணமாட்டான்னு முடிவு பண்ணிட்டுத்தான் தண்ணியையே ஊத்தினேன். டார்ச் அடிச்சுப் பார்க்கல. அது என் தப்பு. நீ எழுதினதுல நம்பர் தப்பு. அதை மாத்து."

நான் முப்பது வருஷம் தொழிலாளிகளைத் தூக்கிப் பிடித்துப் பேசியவன். நம் ஆள் தப்புச் செய்யமாட்டான் என்று எத்தனையோ மேடையில் முழங்கியிருக்கிறேன். மண்டி போட்டபடி, முத்திரை வைத்திருக்கிறவர் முன்னால், பெற்ற பிள்ளை முன்னால், 'அது என் தப்பு' என்று சொல்ல எந்த மேடையிலும் எனக்கு வாய் வந்ததில்லை. இந்தக் கதையை எழுதக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான்.

காப்பாளரும் சும்மா இருக்கவில்லை. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, "கீழே பழைய காகிதம் ரெண்டு அறை நிறையக் கிடக்கு. யாரும் பிரிச்சதில்ல. வர்றீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த மூன்று நாள் சாயந்திரம், வேலை முடிந்ததும், அம்மாவும் பெரியவளும் அங்கே போனார்கள். தேடினது காப்பாளர். தூசி தட்டினது அம்மா. படித்தது பெரியவள். மூன்றாவது நாள் கிடைத்தது. கடைசி ஆளுநர் போனபிறகு அந்த மாளிகையை ஒரு புகையிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருஷம். முதல் மாடிக் கூடம், புகையிலை தரம் பிரிக்கும் அறை. வெளிச்சத்தில் இலையைத் தூக்கிப் பார்த்து நிறம் பிரிப்பது. நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும்.

பெரியவள் கத்தின கத்தலில் காவலாளி ஓடி வந்தார். இந்தத் தடவை யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை.

அந்தக் குத்தகைக் காகிதக் கட்டில் எத்தனை மூட்டை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை மழையில் நனைந்து வீணானது, எல்லாம் வருஷவாரியாக இருந்தது. ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்த தேதிகூட இருந்தது. எத்தனை பேர் நின்று வேலை செய்தார்கள் என்பது எங்குமே இல்லை. ஒரு வரிகூட இல்லை. மூன்று பேரும் தலைகீழாகத் தேடிவிட்டார்கள்.

"பேரு?" என்று கேட்டார் தரையக்கா.

"இல்லைம்மா. கம்பெனிக்காரர் பேரு மட்டும்தான்" என்றாள் பெரியவள்.

"சரி. பேருக்கு நான் எங்க போவேன். எத்தனை பேருன்னு தரை சொல்லிடுச்சு. அதை எழுதிக்கோ."

பெரியவள் அடுத்த திங்கட்கிழமை காலை நான்கு பக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதையும் ரப்பரால் அழிக்கவில்லை. பழைய நம்பரை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான நம்பரை எழுதி, ஏன் மாற்றினேன் என்று ஒரு பத்தியும் சேர்த்திருந்தாள். மெஷின் கடித்த குழி எது, பாதம் தேய்த்த குழி எது என்று இரண்டுக்கும் படம். ஆதாரம் என்ற கட்டத்தில் இப்போது இரண்டு வரி. ஒன்று, குத்தகைக் கட்டு, கீழ் அறை, மூன்றாவது அலமாரி. இன்னொன்று முன்னால் எழுதியிருந்த அதே வரி, சிவப்பு வட்டத்தோடு.

டீச்சர் முதல் பீரியட் முழுக்க அதைப் படித்தாராம். வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது, அவர் அதட்டக்கூட இல்லை. கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்தார். தான் எழுதிய 'இது ஆதாரம் ஆகாது' என்பதில் கடைசி வார்த்தையை அடித்துவிட்டு 'ஆகும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். தாளைக் கொடுக்கும்போது, "உங்கம்மாவை ஒரு நாள் நம்ம ஸ்கூல் வராண்டாவையும் பார்க்கச் சொல்லு. யாரு அங்க நின்னு நின்னு தேய்ச்சாங்கன்னு எனக்கும் தெரியணும்" என்றாராம்.

"லேட்டா வர்ற பிள்ளைங்க டீச்சர்" என்றிருக்கிறாள் பெரியவள்.

கண்காட்சிக்கு எல்லோரும் போனோம். பெரியவளுடைய தாள்கள் அந்தக் கூடத்திலேயே, கிழக்குச் சுவரில், இரண்டு ஜன்னலுக்கு நடுவில் மாட்டியிருந்தன. சின்னவள் ஒவ்வொரு பாதக் குழியிலும் ஏறி நின்று பார்த்தாள். அவள் கால் அதில் பாதிதான் இருந்தது. டிரைவர் ஒன்றில் நின்றார். சரியாக இருந்தது. ஐந்து நிமிஷம் நின்றவர், "இடுப்பு வலிக்குது" என்று இறங்கிவிட்டார். தரையக்கா நிற்கவில்லை. கேட்டதற்கு, "அவங்க நின்ன இடம்ங்க" என்றார், அவ்வளவுதான்.

பழைய பலகையைக் காப்பாளர் கழற்றவில்லை. அதற்குக் கீழே புதிதாக ஒன்று அடித்திருக்கிறார். நடனமும் இருக்கட்டும் என்று அம்மாதான் சொன்னாராம். புதுப் பலகையில் மூன்று வரி. முதல் வரி, இந்தக் கூடம் முப்பத்து மூன்று ஆண்டுகள் புகையிலை தரம் பிரிக்கும் இடமாக இருந்தது. இரண்டாவது வரி, இங்கே நின்று வேலை செய்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. மூன்றாவது வரி, ஜன்னல் ஓரத்தில் ஒரே நேரத்தில் நின்றவர்கள்:

எட்டுப் பேர்.